மூன்றால் பெருக்கினால் கணக்கு முடிந்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் தமிழ் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். அங்கே கிடங்கில் பெட்டி தூக்கினாலும் இங்கே அலுவலகத்தில் அமர்ந்து வாங்குவதைவிட மூன்று மடங்கு கைக்கு வருகிறது, ஆகவே பிள்ளைகளை இங்கேயே இருத்தி வைக்க நினைப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு என்பது அவருடைய கருத்து. அவர் காட்டிய சம்பளத் தொகைகளில் பிழை இல்லை. ஆனால் நான் 31 ஆண்டுகள் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருந்தவள். மாதம் தவறாமல் ஊழியர் சேமநிதிக்கும், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் பாரங்களை நிரப்பி அனுப்பிய அனுபவத்தில் சொல்கிறேன்: சம்பளச் சீட்டின் மேல்வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்து ஒருவருடைய வாழ்க்கை நிலையை முடிவு செய்துவிட முடியாது. பிடித்தத்தையும் முதலாளியின் பங்கையும் காட்டும் கீழ்வரிகளையும் படிக்க வேண்டும். அந்தக் கீழ்வரிகளைப் பற்றியே இக்கடிதம்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். இரு நாடுகளுக்கும் இடையிலான இடைவெளி பெரியது, அது கற்பனையும் அல்ல. என் தந்தையார் பட்டர்வொர்த்தில் துறைமுகத் தொழிலாளியாக இருந்த காலத்தில், சிங்கப்பூரில் இருந்த என் சிற்றப்பா அனுப்பும் பத்து வெள்ளி இங்கும் பத்து வெள்ளியாகவே செல்லுபடியானது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனி நாடான பிறகும், 1967-இல் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்ட பிறகும்கூட, ஒன்றுக்கு ஒன்று என்ற அந்த ஏற்பாடு 1973 மே மாதம் வரை நீடித்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நாம் மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்கிறோம். உலக வங்கியின் கணக்கில் 2023-இல் சிங்கப்பூரின் தலா உள்நாட்டு உற்பத்தி 80,000 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது, நம்முடையதோ 11,000 டாலருக்குச் சற்று மேல். விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டிப் பார்த்தால் ஏழு மடங்கு என்பது ஏறத்தாழ நான்கு மடங்காகக் குறையும். குறைந்தாலும் நான்கு மடங்கு நான்கு மடங்குதான்.

பினாங்குக்காரர்களுக்கு இந்த ஒப்பீடு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும் என்று நினைக்கிறேன். 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தபோது தலைநகரமாக இருந்தது நம் ஜார்ஜ்டவுன்தான். 1832-க்குப் பிறகே அந்த இடம் சிங்கப்பூருக்குப் போனது. இரண்டும் தீர்வையற்ற துறைமுகங்களாக வளர்ந்தவை. நாம் அந்தத் தகுதியை 1969-இல் இழந்தோம், வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது, அதற்கு மருந்தாக 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எழுந்தது. அவ்வாண்டிலேயே இன்டெல் நிறுவனம் இங்கே ஆலை தொடங்கியது. தோட்டங்களிலிருந்து வெளியேறிய எத்தனையோ தமிழ்ப் பெண்கள் முதன்முதலாகச் சீருடை அணிந்து, நீலநிற ஆலைப் பேருந்தில் ஏறி, தம் பெயரில் சேமநிதிக் கணக்கு வைத்துக்கொண்டது அந்த ஆலைகளில்தான். என் அக்காளும் அவர்களில் ஒருத்தி.

இன்று உலகில் நடைபெறும் பகுதி மின்கடத்திச் சில்லுகளின் பொதியிடல், பரிசோதனை வேலைகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடைபெறுகிறது என்று சொல்கிறார்கள், அதில் பெரும்பகுதி நம் பினாங்கிலும் பக்கத்துக் கூலிமிலும் நடக்கிறது. அப்படியிருந்தும் நாட்டின் மொத்த உற்பத்தியில் தொழிலாளரின் ஊதியமாகச் சேரும் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகவே நிற்கிறது. இதை 45 விழுக்காடாக உயர்த்துவோம் என்பது அன்வார் இப்ராஹிம் தலைமையிலான மடானி அரசாங்கம் தானே அறிவித்த இலக்கு. அந்த இடைவெளியில்தான் சிங்கப்பூர் நோக்கிய நம் பிள்ளைகளின் பேருந்துப் பயணம் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை இரவு பினாங்கு செண்ட்ரல் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் மலேசியாவையும் சிங்கப்பூரையும் ஒப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நாம் ஒப்பிடுவது மலேசியாவில் இருக்கும் ஒரு மலேசியரையும் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சிங்கப்பூரரையும்தான். கடலைக் கடந்து போய் வேலை செய்யும் நம் பிள்ளை இந்த இரண்டு பேரில் எவரும் அல்லர்.

சிங்கப்பூரின் நடுநிலை (அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறும்) மாத வருமானம் 2024-இல் 5,500 வெள்ளி என்ற செய்தியை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தத் தொகை முழுநேர வேலையில் இருக்கும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கணக்கில் கொண்டது, அந்நாட்டு ஊழியர் சேமநிதியான மத்திய சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கையும் சேர்த்துச் சொல்லப்பட்டது. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் மலேசியர் அந்தக் கணக்கிலேயே இல்லை. சிங்கப்பூரில் பணிபுரியும் மலேசியரைப் பற்றி நம் புள்ளிவிவரத் துறை நடத்திய ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மாதம் 1,500 முதல் 3,599 வெள்ளி வரை ஈட்டுவதாகக் கூறுகிறது. 5,500 எங்கே, இது எங்கே? இதையும் மூன்றால் பெருக்கினால் நல்ல தொகைதான், மறுக்கவில்லை. 2023-இல் மலேசியக் குடிமக்களின் நடுநிலைச் சம்பளம் 2,602 ரிங்கிட்டாக இருந்த நாட்டிலிருந்து போகிறவருக்கு அது பெருந்தொகையே.

ஆனால் ஒரே கிடங்கில், ஒரே வேலையை, ஒரே 2,600 வெள்ளிச் சம்பளத்துக்குச் செய்யும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் 55 வயதைத் தாண்டாத சிங்கப்பூர்க் குடிமகன், மற்றவர் வேலை அனுமதிச் சீட்டில் வந்த நம் பிள்ளை. முன்னவருக்குச் சம்பளத்தில் 20 விழுக்காடு பிடித்து, முதலாளி தம் பங்காக 17 விழுக்காடு சேர்த்து, மாதம் 962 வெள்ளி அவர் பெயரில் மத்திய சேமநிதியில் விழுகிறது. அதைக் கொண்டே அவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் தவணையைக் கட்டுகிறார், மருத்துவச் செலவுக்கும் அதிலேயே ஒரு பகுதி ஒதுங்குகிறது. நம் பிள்ளைக்கு அந்த 962 வெள்ளி கிடையாது. அவருக்காக முதலாளி மாதந்தோறும் அந்நாட்டு அரசுக்குத் தீர்வை கட்டுகிறார் என்பது உண்மை, ஆனால் அதில் ஒரு காசுகூடத் தொழிலாளியின் பெயரில் நிற்பதில்லை. நிரந்தரவாசத் தகுதி பெற்றவர்களுக்கு நிலைமை வேறு, அவர்களுக்கும் சேமநிதி உண்டு. நான் பேசுவது எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதிச் சான்றிதழோடும் சில வேளை அதுவும் இல்லாமலும் போகிற பிள்ளைகளைப் பற்றி. நம் சமூகத்திலிருந்து போகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவல்லர்.

இங்கே 2,600 ரிங்கிட் வாங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 286 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 338 ரிங்கிட். மாதம் 624, ஆண்டுக்கு 7,488 ரிங்கிட். சேமநிதி வாரியம் 2020 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் 5 விழுக்காட்டுக்குக் குறைந்த ஈவு கொடுக்கவில்லை, 2024-இல் 6.30 விழுக்காடு கொடுத்தது. 5 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், சம்பளம் ஒரு காசு உயராவிட்டாலும், 15 ஆண்டுகளில் அது ஒரு இலட்சத்து 60 ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும், 30 ஆண்டுகளில் ஐந்து இலட்சத்தை நெருங்கும். 55 வயதில் ஒருவரிடம் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பு என்று வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த தொகை 240,000 ரிங்கிட், மாதம் ஆயிரம் வீதம் இருபது ஆண்டுகளுக்கு. பெரிய சம்பளம் வாங்காத எங்கள் ஆலைப் பெண்கள் சிலர் அதைத் தொட்டுவிட்டு ஓய்வு பெற்றதை நான் என் கையால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

“கையில் கூடுதலாக வாங்குகிறவன் தானே சேமித்துக்கொள்ள மாட்டானா” என்று கேட்பார்கள். மாட்டான் என்று சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் 31 ஆண்டு அனுபவத்தில் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளத்தில் கால் பங்கைத் தாமாக எடுத்து வைத்த ஒருவரை நான் பார்த்ததில்லை. எங்கள் ஆலையில் சேமித்தவர்கள் எல்லாரும் கைக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டதால் சேமித்தவர்கள். சிங்கப்பூர்ச் சம்பளம் வருகிறது என்றால் தங்கையின் கல்யாணம், அம்மாவின் மருத்துவம், வீட்டு முன்பணம், காருக்குத் தவணை என்று ஊரே அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கிறது. இதில் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என் அக்காள் மகனின் அனுபவத்தை அவன் இசைவோடு எழுதுகிறேன். பட்டர்வொர்த்தை அடுத்த பிறை வட்டாரத்தில் ஓர் ஆலையில் இயந்திர இயக்குநராக இருந்தவன், 2008-இல் சிங்கப்பூரில் கிடங்கு வேலைக்குப் போனான். ஜொகூர் பாருவில் வாடகைக்கு வீடு எடுத்து, மனைவியையும் பெண் குழந்தையையும் அங்கே குடிவைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில், ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் கடந்து போவான். எட்டு மணி நேர வேலைக்குப் பதினான்கு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே இருப்பான். மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தால் அந்த மூன்று மடங்கு என்னவாகிறது என்று நான் ஒருமுறை அவனிடம் கேட்டேன். “சின்னம்மா, அந்தக் கணக்கை மட்டும் போட வேண்டாம்” என்றான்.

2019-இல் ஒரு மழைநாள் அதிகாலையில், பாலத்தை அடைவதற்கு முன்பே, நம் பக்கத்துச் சாலையில் ஒரு லாரி மோதி அவன் கால் முறிந்தது. ஜொகூர் பாரு அரசு மருத்துவமனையில் நல்ல சிகிச்சை கிடைத்தது, அதுவும் நம் குடிமக்களுக்குரிய சொற்பக் கட்டணத்தில். இதை நம் நாட்டின் பெருமையாகவே சொல்கிறேன். சிங்கப்பூர்ச் சட்டப்படி மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு உரிய 60 நாள் சம்பள விடுப்பையும் அவனுடைய முதலாளி குறைவின்றிக் கொடுத்தார், அவர்மீதும் எனக்குக் குறை இல்லை. அறுபது நாளில் கால் சேரவில்லை. இன்னும் மூன்று மாதம் நடக்க முடியாமல் கிடந்தான். வேலைக்குப் போகும் வழியில் சொந்த வண்டியில் நேரும் விபத்து சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வராது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்துக்கு இழப்பீடு கொடுக்கும் நம் சொக்சோவிலோ 2008-க்குப் பிறகு அவன் சந்தா கட்டியதே இல்லை. பிறை ஆலையிலேயே இருந்திருந்தால், மருத்துவர் விடுப்புக் கொடுத்த நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு சொக்சோவிலிருந்து வந்திருக்கும். எத்தனை பேருக்கு நான் அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்! சொந்த அக்காள் மகனுக்கு நிரப்ப ஒரு பாரமும் இல்லாமல் போயிற்று.

அடுத்த ஆண்டு மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. முந்தைய இரவு முடிவெடுக்கச் சில மணி நேரமே இருந்தது. அவன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பக்கம் போனான். 2022 ஏப்ரல் 1 அன்று பாலம் முழுமையாகத் திறக்கப்படும் வரை இரண்டே முறைதான் மகளைப் பார்த்தான். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் அது.

இதையெல்லாம் எழுதுவதால் போகாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நம் பிள்ளைகள் போவதற்குச் சம்பளம் மட்டும் காரணம் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் படிப்பில் இடத்துக்காக ஆண்டுதோறும் நம் பெற்றோர் படும் பாடும், அரசுப் பணிகளில் நம்மவர் எண்ணிக்கை அருகிப் போனதும், விண்ணப்பத்தில் மண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டுவிடும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து ஓர் இளைஞனுக்குச் சொல்லும் செய்தி ஒன்றுதான். தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக இருக்கும் நாடு, தமிழர் ஒருவர் அதிபராக அமர்ந்திருக்கும் நாடு, அவனுக்கு வேறுவிதமாகத் தெரிவதில் வியப்பில்லை. சிரம்பானில் வளர்ந்த சி. ராஜரத்தினம் அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சராகவும், மலாக்காவில் பிறந்த தேவன் நாயர் அதிபராகவும் உயர்ந்த வரலாற்றை யாரும் மறைக்க முடியாது. அதே வேளையில், அங்கே தமிழ்வழிப் பள்ளி ஒன்றுகூட இல்லை, இங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பின் தொடர்ச்சி அது. இவற்றை எந்தத் தட்டில் வைத்து எப்படி நிறுப்பது என்பதை அவரவர் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெட்ரோல் விலை, கார் விலை, வீட்டு விலை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இங்கே வாழ்வது மலிவு என்று வாதிடுவோரோடும் நான் முழுமையாக உடன்படவில்லை. லிட்டர் 1 ரிங்கிட் 99 சென்னுக்கு ரோன்95 போடலாம் என்பது நல்லதே. சிங்கப்பூரில் கார் வாங்கும் உரிமைச் சான்றிதழ் 2023-இல் ஒரு இலட்சம் வெள்ளியைத் தாண்டியதும் உண்மையே. ஆனால் அங்கே கார் இல்லாதவர் வேலைக்குப் போக ரயில் இருக்கிறது. செபராங் பிறையிலிருந்து தீவுக்கு வேலைக்கு வருகிறவருக்கு மோட்டார் சைக்கிளை விட்டால் வேறு வழி எளிதில் இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2025 ஜனவரி 7 அன்று ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் விரைவு ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் திட்டத்தோடு கட்டப்பட்டு வருகிறது. போய்வருவது எளிதாகும்போது போகிறவர்கள் பெருகுவார்கள். அவர்களும் என் அக்காள் மகனைப் போலப் பதினைந்து ஆண்டு உழைத்த பிறகும் சேமநிதிக் கணக்கில் எதுவும் சேராமல் நிற்கக் கூடாது.

மனிதவள அமைச்சிடம் என் கோரிக்கை இது. 2017-இல் சுயதொழில் செய்வோருக்கென்று சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, டாக்சி ஓட்டுநரையும் உணவு விநியோகம் செய்பவரையும் சொக்சோவுக்குள் கொண்டுவர முடிந்திருக்கிறது. தினமும் எல்லை கடந்து போகும் தொழிலாளிக்கும், குறைந்தது நம் மண்ணில் அவர் பயணம் செய்யும் நேரத்துக்காவது, அதே உறுதியான பாதுகாப்பு வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி 2025-இல் 1,700-ஐ எட்டியிருப்பதை வரவேற்கிறேன். ஆனால் பத்தாண்டு அனுபவம் உள்ள இயக்குநரும் நேற்று வந்தவரும் அந்த அடித்தளத்தின் அருகிலேயே நிற்பதுதான் எங்கள் ஆலைகளின் நிலைமை. சிங்கப்பூரில் துப்புரவுப் பணியாளருக்குக்கூடத் திறனுக்கேற்பப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014 முதல் நடப்பில் இருக்கிறது. நாம் 2024-இல்தான் அதைப் பரிசோதனையாகத் தொடங்கினோம். அதைப் பரிசோதனையோடு நிறுத்திவிடக் கூடாது.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இங்கே ஒருநாளாவது வேலை பார்த்தவருக்குச் சேமநிதி எண் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். வெளிநாட்டில் வேலை செய்தாலும் அந்தக் கணக்கில் தாமாகவே பணம் செலுத்தலாம், ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை அனுமதி உண்டு. சம்பளம் வந்த அன்றே, வீட்டுக்கு அனுப்பும் முன்பே, மாதம் இருநூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஈடான தொகையை அதில் போட்டுவிடுங்கள். அக்காள் மகன் இப்போது அப்படித்தான் செய்கிறான், தாமதமாகத் தொடங்கினாலும்.

நம் ஆலயங்களும் சங்கங்களும் இதில் உதவ முடியும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இந்தப் பிள்ளைகள் தவறாமல் ஊருக்கு வருகிறார்கள். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்து ஆலய மண்டபம் ஏதாவது ஒன்றில், தீபாவளிக்கு முந்தைய வார இறுதியில் சேமநிதி வாரிய அதிகாரிகளையும் சொக்சோ அதிகாரிகளையும் அழைத்து ஒரு மேசை போட்டுக் கொடுத்தால் போதும். மலாயில் இருக்கும் பாரங்களைத் தமிழில் விளக்கிச் சொல்லவும் நிரப்பிக் கொடுக்கவும் நானும், என்னோடு சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற தோழியர் இருவரும், இரண்டு நாளும் அங்கே உட்காரத் தயாராக இருக்கிறோம். விருப்பமுள்ள ஆலய நிர்வாகத்தினர் தங்கள் நாளிதழின் வாயிலாகத் தெரிவித்தால், ஏற்பாடுகளை உடனே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளப் பிரிவு ஊழியை,
பட்டர்வொர்த், பினாங்கு.